யூரல் மலைக் கல், கும்மிடிப்பூண்டிக் கூரை

ரஷ்யாவின் யூரல் மலைப்பக்கம் ஓர் ஊர். அதன் பெயரே அஸ்பெஸ்ட். ஊரை ஒட்டிச் சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பள்ளம். அங்கே வெட்டும் பாறையைப் பிரித்தால் பஞ்சுபோல நார் வரும். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற அதற்குக் கல்நார் என்ற பெயர் அவ்வளவு பொருத்தம். நம் நாட்டில் இதைத் தோண்டக் குத்தகை தருவதை நிறுத்தியாயிற்று. கப்பலில் வரவழைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

வந்த நாரைச் சிமெண்டுக் குழம்பில் கலந்து தகடாக்குகிறார்கள். நார் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் மூட்டை பிரிக்கிறவர் மூச்சில் அது தனியாகவே போகும்.

தகடு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு ஷெட்டின் மேல் ஏறுகிறது. முழுசாக, அசையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. வெயிலும் கடற்கரை மழையும் தின்னத் தின்ன மேல்பூச்சு கரைந்து நார் வெளியே தெரியும். 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா மாதிரி ஒரு புயல் போதும், கூரை நொறுங்கிவிடும்.

பிரித்துப் போட கான்ட்ராக்டர் ஆள் கூட்டி வருவார். சுத்தியல், கயிறு, வாயில் கட்டிய துண்டு. கண்ணுக்குத் தெரியாத நாரைத் துண்டு தடுக்காது. உள்ளே போனது நுரையீரலில் குத்தி நிற்கும். உடம்பால் அதை எளிதில் கரைக்க முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா. பெரும்பாலும் 20, 30, 40 வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். பீடி பிடிப்பவருக்கு நுரையீரல் புற்று அபாயம் பல மடங்கு. மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போகிறவர், பழைய வேலையையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் காசநோய் என்றே எண்ண இடமுண்டு.

கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒருநாள் கூலிக்குக் கூரை ஏறியவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? என் மனம் ஆறாதது இங்கேதான்.

அவருக்காக அன்று காலையே செய்ய வேண்டியவை எளியவை. தகட்டைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். தகட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். உடைக்கவோ மெஷினால் அறுக்கவோ கூடாது. முகத்தில் இறுகப் பொருந்தும், நுண்தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். தகட்டின் மேல் காலை வைத்தால் அது உடைந்து அவர் விழுந்துவிடுவார். நடக்கப் பலகை போட வேண்டும். தூசியைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது. வேலைச் சட்டை அங்கேயே இருக்க வேண்டும்; வீட்டில் அதை உதறித் துவைக்கும் மனைவிக்கும் இதே நோய்கள் வரலாம்.

உடைந்த துண்டுகள் பள்ளம் நிரப்பப் போகின்றன. உடையாத தகடுகள் பழைய சாமான் கடை வழியாகப் பக்கத்துக் கிராமத்து மாட்டுக்கொட்டகைக்குப் போகின்றன. அங்கே புதுக் கூரைச் சட்டத்துக்குத் தோதாக மறுபடி துளை போடுகிறார்கள்.