பட்டினங்களும் பாழிடங்களும்
திருவாடானையிலிருந்து ஓர் ஏழு நாள் செலவு

பயணத்திற்குத் திட்டம் வகுப்பது தமிழுக்குப் புதிய வழக்கமன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. எந்நிலத்தின் வழியே செல்வது, எவ்வூரில் என்ன உணவு கிட்டும், எவ்விடத்தில் விழிப்பு வேண்டும் என்பவற்றை நிரல்படக் கூறிய பின்னரே அது வள்ளலின் வாயிலைக் காட்டும். பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படையாக அமைந்திருப்பதை நோக்கினால், வழியைச் சொல்வதும் ஓர் இலக்கியப் பணியே என்று நம் முன்னோர் கருதினர் எனலாம்.

மெக்சிகோ நாட்டின் யுகதான் தீபகற்பத்திற்குச் செல்வோர் ஒரு வாரச் செலவிற்கு ஒரு முறையை வைத்திருக்கின்றனர். ஸ்பானியர் எழுப்பிய நகரங்களையும், அவற்றுக்கு முற்பட்ட மாயர்களின் பாழிடங்களையும் மாறி மாறிக் காண்பர். ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாதவருக்கு அந்நாட்டின் வரலாறு பாதியே புலப்படும். கி.பி. 1542-இல் ஸ்பானியர் நிறுவிய மெரிடா நகரம், மாயரின் பழைய ஊரொன்றின் மேலேயே எழுந்தது. இடிந்த மாயக் கட்டடங்களின் கற்கள் ஸ்பானியர் கட்டிய சுவர்களில் ஏறின. இசமால் என்னும் ஊரில் பிரான்சிஸ்கன் துறவியரின் மடம் மாயரின் மேடைக்கோயில் ஒன்றின் அடித்தளத்தின் மீதே நிற்கிறது.

இத்தகைய செலவிற்குக் கடல் கடந்து போக வேண்டுவதில்லை. திருவாடானையை நடுவாக வைத்துத் தெற்கே தனுஷ்கோடிக்கும் வடக்கே தரங்கம்பாடிக்கும் கோடு இழுத்தால், அக்கோட்டின் மீது ஐரோப்பியர் வாழ்ந்த பட்டினங்களும் அவர்க்கு முன் வாழ்ந்து மறைந்த துறைகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசித் திங்கள்கள் இதற்கு ஏற்றவை. ஏழு நாள்கள் போதும். எதை முன் காண்பது, எதைப் பின் காண்பது என்பதில்தான் கருத்தூன்ற வேண்டும்.

தொண்டியின் பெயரும் தொண்டியின் உண்மையும்

முதல் நாள் திருவாடானையிலேயே தொடங்கலாம். ஞானசம்பந்தர் பாடிய பாண்டி நாட்டுத் தலங்களுள் ஒன்று இது. ஆதிரத்தினேசுவரர் கோயிலைக் கண்டபின் கிழக்கே தொண்டிக் கரைக்குச் செல்லலாம்.

தொண்டி என்ற அளவில் கவிஞர்களின் நெஞ்சம் சங்க காலத்திற்குப் பறப்பது இயல்பு. ஐங்குறுநூற்றில் ஒரு பத்தே தொண்டியின் பெயரால் அமைந்துள்ளது. ஆயினும் அத்தொண்டி சேரரின் மேலைக் கடற்கரைத் துறை. கிரேக்க மாலுமிகள் திண்டிஸ் எனக் குறித்ததும் அதனையே. அப்பெருமையைக் கீழைக்கரைத் தொண்டிக்கு ஏற்றிப் பேசுவது மேடையில் கைதட்டல் பெறலாம், வரலாற்றில் நில்லாது.

கீழைத் தொண்டிக்கு உரிய சான்று வேறிடத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், தொண்டியோர் மரக்கலங்களில் கொணர்ந்த அகில், துகில், ஆரம், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்து கொண்டல் காற்று மதுரைக்குள் புகுவதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். கொண்டல் என்பது கீழ்க்காற்று. மதுரைக்குக் கிழக்கே உள்ள கடற்றுறையிலிருந்து வந்தால்தான் அக்காற்று அம்மணத்தைச் சுமக்க இயலும். பிறர்க்குரிய புகழை விட்டுக்கொடுத்தபின் தமக்கென்று எஞ்சுவது இவ்வளவு நுட்பமான சான்றாக இருக்கும்போது, இரவல் பெருமை எதற்கு?

தொண்டிக்கு வடக்கே உள்ள தீர்த்தாண்டதானத்தை அன்பர்கள் தவறவிடலாகாது. அங்குள்ள 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு, மணிக்கிராமத்தாரையும் அஞ்சுவண்ணத்தாரையும் பிற வணிகக் குழுவினரையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. அஞ்சுவண்ணம் என்பது மேலை ஆசிய வணிகரின் குழு. இன்று சிற்றூராகத் தோன்றும் இடத்தில், மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட வணிகர்கள் ஒரு கோயிலின் நலம் கருதிக் கூடி முடிவெடுத்தனர் என்பதற்கு அக்கல் சாட்சி.

அதே நாளில் ஓரியூரையும் காணலாம். போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் அருளானந்தர் என்ற பெயருடன் வாழ்ந்த ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று இங்கே தலை வெட்டுண்டு இறந்தார். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றபின் ஒரு மனைவியை மட்டுமே ஏற்று ஏனையோரை விலக்கியதும், விலக்கப்பட்டவருள் ஒருவர் அரசரின் உறவினர் என்பதும் அந்நிகழ்ச்சியின் பின்னணி. வழிபடுவோர்க்கு அது புனித மண். வரலாறு பயில்வோர்க்கு, நம்பிக்கையும் குடும்பமும் அரசும் ஒன்றோடொன்று மோதிய களமும் ஆகும்.

அரண்மனை கூறும் திருப்பம்

இரண்டாம் நாள் தேவிபட்டினத்தின் வழியே இராமநாதபுரம். போகலூரிலிருந்த தலைநகரை இங்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. அவர் எழுப்பிய இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களில் தஞ்சை மராத்தியரோடு நிகழ்ந்த போரும், ஐரோப்பியர் சேதுபதியைக் கண்டு பேசும் காட்சியும் தீட்டப்பட்டுள்ளன. அவ்வோவியங்கள் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. 1772-இல் ஆங்கிலப் படை கோட்டையைப் பிடித்தது. 1795-இல் முத்துராமலிங்க சேதுபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1798 செப்டம்பரில் இதே இராமலிங்க விலாசத்தில் கலெக்டர் ஜாக்சன் அமர்ந்து பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை விசாரித்தார். சுவரில் ஐரோப்பியர் விருந்தினர். அச்சுவருக்குக் கீழே அவரே நீதிபதி. முக்கால் நூற்றாண்டின் அரசியல் மாற்றத்தை ஒரே கூடத்தில் காண விழைவோர்க்கு இதனினும் சிறந்த இடம் அரிது.

இவ்வரண்மனையிலுள்ள தொல்பொருள் காட்சியகத்தை முதலில் கண்டபின்னரே மூன்றாம் நாள் அழகன்குளம் செல்ல வேண்டும். காரணம் எளிது. வைகை கடலோடு கலக்கும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் 1986 முதல் பல பருவங்களில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. உரோமக் காசுகளும், உருளைக்கோட்டு மட்கலங்களும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும், கப்பலின் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் கிடைத்தன. ஆனால் அகழாய்வுக் குழிகளை மூடிவிடுவது மரபு. நேரே சென்று நிற்பவரின் கண்ணில் தென்னையும் மணலுமே படும். காட்சியகத்தை முன்பும் மேட்டைப் பின்பும் கண்டவருக்கே அந்த மணலின் பொருள் விளங்கும். மாயரின் கற்கோபுரங்கள் தாமே பேசும். நம் துறைகள் செங்கல்லும் மரமும் மண்ணும் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றுக்கு எழுத்தே நாவாக வேண்டும்.

அன்று பிற்பகல் பெரியபட்டினம், கீழக்கரை. பெரியபட்டினத்தில் 1980-களில் நிகழ்ந்த ஆய்வுகளில் சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் திரளாகக் கிடைத்தன. சீனத்தின் சோங், யுவான் அரச மரபுக் காலங்களில் இக்கரைக்கும் சீனத்திற்கும் இருந்த கொடுக்கல் வாங்கலை அவை உறுதி செய்தன. கீழக்கரை, கிழவன் சேதுபதியின் நண்பரும் பெருவணிகருமான வள்ளல் சீதக்காதியின் ஊர். உமறுப்புலவர் சீறாப்புராணம் இயற்றத் துணைநின்றவர் அவர். ஒல்லாந்த வணிகர் இக்கரையின் முத்தையும் சங்கையும் துணியையும் நாடி நின்ற அதே காலத்தில், அவர்களுக்கு ஈடாகக் கலம் செலுத்திய ஒரு தமிழர் காப்பியத்தையும் வளர்த்தார் என்பது புலவர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது.

இரண்டும் ஒன்றான ஊர்

நான்காம் நாள் பாம்பனும் தனுஷ்கோடியும். பாம்பன் கடற்பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் இரயில் எனச் சென்னையும் கொழும்பும் ஒரே பயணச் சீட்டில் இணைந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழருள் எத்தனையோ பேர் தாய்நிலத்தைக் கடைசியாகக் கண்டது இம்மணல் திட்டில்தான்.

1964 டிசம்பர் 22 இரவில் தாக்கிய புயல், பயணிகளோடு வந்த இரயிலையும் ஊரையும் ஒருசேர வாரிச் சென்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் அந்த இரயிலோடு மாண்டனர். ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பிற இடங்களில் அயலார் கட்டிய நகரம் ஒன்று, பாழிடம் மற்றொன்று. தனுஷ்கோடியில் இரண்டும் ஒன்றே. பேரரசின் பொறியியல் எழுப்பிய ஊரே ஐம்பது ஆண்டுகளில் பாழாயிற்று. 1914-இன் பாலமும் 2022-இல் இரயிலுக்கு மூடப்பட்டது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

ஐந்தாம் நாள் வடக்கே திரும்பிச் சேதுபாவாசத்திரத்தை அடுத்த மனோராவைக் காணலாம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு நிலை மாடம் அது. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுத் தஞ்சைக் கோட்டையளவில் அடங்கிய மன்னர், தம்மை அடக்கியவரின் வெற்றிக்குத் தூண் நட்டார். அவரே சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் பேணி வளர்த்தார். இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

அழித்த கையும் காத்த கையும்

ஆறாம் நாள் நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய மன்னர் எடுத்த சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அதனைக் கூறும் 21 செப்பேடுகள் ஒல்லாந்தர் வழியே லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றன. போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் நாகையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1781-இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். அவர்தம் கல்லறைத் தோட்டம் இன்றும் ஊருக்குள் இருக்கிறது. விகாரமோ இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை, மூன்று நிலைச் செங்கற் கோபுரம் ஒன்று கடலோடிகளுக்கு அடையாளமாக அங்கே நின்றது. 1846-இல் அதனைக் கண்ட வால்டர் எலியட் அதன் தோற்றத்தைக் குறித்து வைத்தார். 1867-இல் இயேசு சபைத் துறவியர் அதனை இடித்துச் செங்கற்களைப் பயன்படுத்திக்கொள்ள இசைவு வேண்ட, சென்னை அரசு வழங்கியது. இசமாலின் கதை நாகையிலும் நிகழ்ந்தது. யுகதானில் 1562-இல் தியேகோ தெ லண்டா என்னும் துறவி மாயரின் ஏடுகளைத் தீயிலிட்டார். பின்னர் அவரே எழுதிய குறிப்புகளில் இருந்த எழுத்துப் பட்டியலே, 1952-இல் உருசிய அறிஞர் யூரி க்னோரோசோவ் மாய எழுத்தைப் படிக்கும் வழியைக் காண உதவியது. ஏட்டை எரித்த கையே அவ்வெழுத்தின் திறவுகோலையும் விட்டுச்சென்றது. நாகையில் கோபுரத்தை இடிக்க இசைவு தந்த ஆட்சியின் அலுவலர் ஒருவரே அதன் உருவத்தையும் நமக்குக் காத்துத் தந்தார்.

ஏழாம் நாள் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனியர் எழுப்பிய டேன்சுபோர்க் கோட்டை கடலை நோக்கி நிற்கிறது. 1706-இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கேயே அச்சேறி முடிந்தது. 1845-இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்று அகன்றனர். கோட்டைக்கு அருகிலேயே, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பாண்டியனின் கோயிலும் டேனியரின் கோட்டையும் ஒரே அலையின் முன் நிற்கும் இக்காட்சியோடு செலவு நிறைவுறலாம்.

செலவு கற்பிப்பது

ஏழு நாளும் சுற்றி வந்தவர் ஒன்றை உணர்வார். அயலார் தம் ஊர்களைப் பற்றிக் கணக்கும் கடிதமும் வரைபடமும் எழுதி வைத்தனர். ஆகையால் அவர்தம் நகரம் அழிந்தாலும் அதன் வரலாறு அழியவில்லை. நம் துறைகளில் கல்லில் எழுதியவை மட்டும் எஞ்சின; ஓலையில் எழுதியவற்றுள் பெரும்பகுதி செல்லுக்கு இரையாயிற்று; எழுதாதவை ஊர்ப்பெயர்களின் ஈற்றில் 'பட்டினம்' என்னும் ஒரு சொல்லாக ஒடுங்கின. சுந்தரபாண்டியன்பட்டினம், பாசிப்பட்டினம், பெரியபட்டினம் என அச்சொல் இக்கரை நெடுகிலும் ஒலிக்கிறது.

ஓர் ஊர் இருமுறை அழியக்கூடும். புயலாலோ படையாலோ முதன்முறை. அதனைப் பற்றிய எழுத்து இல்லாமற் போவதால் மறுமுறை. முதலாவதைத் தடுக்கும் ஆற்றல் கவிஞர்க்கு இல்லை. இரண்டாவதைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. ஊரின் தெருப் பெயரும் குளத்தின் பெயரும், மூத்தோர் நினைவில் இருக்கும் தோணித் துறையும், வயலோரம் கிடக்கும் எழுத்துடைக் கல்லும் இன்னாருடையவை, இன்ன இடத்தில் உள்ளன என்று உரைநடையில் ஒரு பக்கம் எழுதி வைப்பதும் தமிழ்ப் பணியே. தீர்த்தாண்டதானத்துக் கல்லில் அவ்வணிகர் செய்ததும் அதுவே. தம் முடிவைத் தம் பெயரோடு எழுதி வைத்தனர். ஆகையால் எழுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்கள் அங்கே இருந்தனர் என்பதை மறுப்பார் இல்லை.