சாட்சிக் கூண்டில் ஒரு வசவு

எங்கள் வீட்டில் லட்சுமிகாந்தன் என்பது ஒரு வசவு. யாராவது அடுத்த வீட்டு விஷயத்தைத் துருவினால், "பெரிய லட்சுமிகாந்தன் இவரு" என்பார் அப்பா. அவர் பாகவதர் பக்தர். அதனால், 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்துபோன அந்த 'இந்து நேசன்' ஆசிரியர்மேல் எனக்குச் சிறுவயதிலிருந்தே இரக்கம் வந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் முதுகலை வரலாறு மாணவர்களோடு அந்த வழக்கை மாதிரி நீதிமன்றமாக நடத்தினேன். "பட்டிமன்றமாவே வச்சிடலாமே சார்" என்றார்கள். மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் உண்டு. நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஆனால் பட்டிமன்றத்தில் கைதட்டலும் ஒரு சாட்சி. இங்கே ஒரே விதிதான்: சாட்சியத்தில் இல்லாததைப் பேசக்கூடாது.

ஒன்பது பேரை ஜூரிகளாக உட்காரவைத்துத் தொடக்கத்திலேயே கேட்டேன்: தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகளா? ஒரு கைகூட உயரவில்லை. 1945இல் நிஜமான ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் 'ஆம்' என்றார்கள் என்று சொன்னதும் வகுப்பு திகைத்தது. "அதெப்படி சார்? ஜனங்க அவர்மேல உசிரா இருந்தாங்களே!" அதே வருடம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அரசுத் தரப்பாக வாதாடிய மாணவி எடுத்த எடுப்பில் நோக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பத்திரிகை நடிகர்களின் அந்தரங்கத்தைக் கேவலமாக எழுதியது. அவர்களுக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் வசவுதான் அரசுத் தரப்பின் முதல் ஆதாரம். 'அவன் அப்படிப்பட்டவன்' என்று சொல்லச் சொல்ல, பாகவதரைச் சுற்றிக் கயிறு இறுகுகிறது!

எதிர்த்தரப்புப் பையன் விடவில்லை. "அந்தக் கோபம் பாதி சினிமா உலகத்துக்கே இருந்துச்சே, எல்லாரையும் உள்ள போடுவீங்களா?" என்றான். அடுத்து அப்ரூவர் சாட்சிக்கு வந்தான். 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய சாட்சியச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இதைப் பற்றிப் பேசின. குற்றத்தில் பங்கெடுத்தவனின் சாட்சியை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதம் ஆகாது என்றது 133. அப்படிப்பட்டவன் பேச்சு, முக்கியமான விவரங்களில் வேறு சாட்சி வலுச்சேர்க்காவிட்டால், நம்பத்தக்கதல்ல என்று நீதிமன்றம் கருதலாம் என்றது 114. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் இரண்டு பேரின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது.

சென்னை உயர் நீதிமன்றம் முதல் மேல்முறையீட்டைத் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில் அதை மறுபடி விசாரிக்கச் சொன்னது. 1947இல் இருவரும் விடுதலையானார்கள். அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டது. கிருஷ்ணன் மறுபடி சிரிக்கவைத்தார். பாகவதரின் பழைய மவுசு திரும்பவில்லை. ஜூரி முறையும் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்துபோனது.

எங்கள் ஜூரிகள் கடைசியில் சீட்டு எழுதிப்போட்டார்கள். ஏழு பேர் 'இல்லை', இரண்டு பேர் 'ஆம்'. முதலில் ஒன்பது பேரும் சொன்ன 'இல்லை' பாட்டுக்காகச் சொன்னது. இந்த ஏழு 'இல்லை' அப்படியல்ல. ஒவ்வொரு சீட்டிலும் காரணம் இருந்தது.

கலையும்போது அரசுத் தரப்பு மாணவி கேட்டாள்: "சார், அவங்க கொல்லலைன்னு சொல்றதும், அவன் சாகவேண்டியவன்தான்னு சொல்றதும் ஒண்ணு இல்லையே?"

சாயங்காலம் அதை அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனா அவன் எழுதினது தப்புதானேடா?" என்றார்.

"தப்புதாம்ப்பா. அதுக்கு ஒரு வழக்கு போட்டிருக்கலாம்."

"ஆமா, போட்டிருக்கலாம்" என்றார்.