கண்புரை

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் தெளிவிழந்து மங்கிப்போவதே கண்புரை. உலகில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம் இது. கண்ணின் மற்ற பாகங்கள் நலமாக இருந்தால், அறுவைச் சிகிச்சையால் பார்வையை மீட்டுவிடலாம்.

உருவாகும் விதம்

கண் பாப்பாவுக்குப் பின்னால் மெல்லிய உறைக்குள் அமைந்துள்ள லென்ஸ், ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. வயதாக ஆக அதிலுள்ள புரதங்கள் சிதைந்து திரள்வதால் ஒளி சிதறுகிறது. நீரிழிவு, புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, புற ஊதாக் கதிர் ஆகியவை புரையை விரைவுபடுத்தும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா தொற்றினால் குழந்தை புரையுடன் பிறக்கலாம். அத்தகைய குழந்தைக்குச் சிகிச்சை தாமதமானால் பார்வை வளர்ச்சியே தடைபடும்.

அறிகுறிகள்

வலியோ சிவப்போ இராது. பார்வை மெல்ல மெல்ல மங்கும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், கண் கூசும். வெள்ளை வேட்டி பழுப்பாகத் தோன்றும். கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறும். லென்ஸின் நடுவில் புரை விழுந்தவர்களில் சிலர், திடீரெனக் கண்ணாடியில்லாமல் நாளிதழ் படிப்பார்கள். இது பார்வை தேறியதன் அடையாளம் அல்ல. லென்ஸ் இறுகி அதன் பவர் கூடுவதன் விளைவு. நாளடைவில் இதுவும் மறையும்.

எப்போது அறுவைச் சிகிச்சை?

சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ புரை கரையாது. ‘புரை முற்றட்டும்’ என்று காத்திருப்பது, லென்ஸை முழுதாக வெளியே எடுத்த காலத்துப் பழக்கம். படிப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பார்வை தடையானாலே சிகிச்சை செய்துகொள்ளலாம். மிகவும் முற்றிய புரை கண் அழுத்தத்தைக் கூட்டி, பார்வை நரம்பைக் கெடுக்கவும் கூடும்.

சிகிச்சை முறை

முதலில் சொட்டு மருந்தால் பாப்பாவை விரித்துக் கண்ணைச் சோதிப்பார்கள். கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து, பொருத்த வேண்டிய செயற்கை லென்ஸின் பவரைக் கணக்கிடுவார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கவோ, புராஸ்டேட் வீக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நோயாளி விழித்திருப்பார், நுண்ணோக்கியின் வெளிச்சமும் நகரும் நிழல்களும் தெரியலாம், தண்ணீர் வழிவதை உணரலாம். ஃபேக்கோ முறையில் சுமார் 3 மில்லிமீட்டர் துளை வழியாக மீயொலியால் லென்ஸை உடைத்து உறிஞ்சி, அதே உறைக்குள் மடக்கு லென்ஸை வைப்பார்கள். துளை சற்றுப் பெரிதான எஸ்.ஐ.சி.எஸ். முறையிலும் வழக்கமாகத் தையல் தேவைப்படாது. இது இறுகிய புரைக்கு ஏற்றது, செலவும் குறைவு. இரண்டுமே பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பலரும் அன்றே வீடு திரும்புவார்கள். பொருத்தும் லென்ஸைப் பொறுத்து, சிகிச்சைக்குப் பிறகும் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

வரலாறு

மங்கிய லென்ஸை ஊசியால் பார்வைப் பாதையிலிருந்து விலக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. 1747இல் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் டேவியல் லென்ஸை வெளியே எடுத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண் ஏற்றுக்கொண்டதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். 1967இல் சார்லஸ் கெல்மன் ஃபேக்கோ முறையைக் கொண்டுவந்தார். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏழைகளுக்கும் இச்சிகிச்சையை எட்டச் செய்தது. 1992இல் உருவான அதன் ஆரோலேப் நிறுவனம் லென்ஸ்களை மலிவு விலையில் தயாரித்தது.

பின்கவனிப்பு

சில வாரங்களுக்குச் சொட்டு மருந்தைத் தவறாமல் விட வேண்டும். கண்ணைக் கசக்கக்கூடாது, அதில் தண்ணீர் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. தொடக்கத்தில் லேசான உறுத்தல் இயல்பே. வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை குறைந்தாலோ, அது கிருமித்தொற்றாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து லென்ஸின் பின்னுறை மங்கினால் யாக் லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். எடுத்த புரை மீண்டும் வளராது.

மங்கலை வயதின் இயல்பென்று முதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டிலுள்ளவர்கள் அவர்களைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.