நோய்விளைக்கும் ஈஸ்ட் இனங்களை அறியும் மூலக்கூறு முறைகள்

மனிதரில் நோய் உண்டாக்கும் ஈஸ்ட் வகைப் பூஞ்சைகளை, அவற்றின் டி.என்.ஏ.விலும் புரதங்களிலும் உள்ள அடையாளங்களைக் கொண்டு சிற்றினம் வரை பிரித்தறியும் ஆய்வக முறைகள் இவை. கேண்டிடா அல்பிகன்ஸ் பெரும்பாலும் ஃபுளுகோனசோல் மருந்துக்குக் கட்டுப்படும். கேண்டிடா குரூசியோ இயல்பிலேயே கட்டுப்படாது. ஆகவே பெயர் பிழைத்தால் சிகிச்சையும் பிழைக்கும்.

கேண்டிடா என்னும் பேரினத்தை 1923இல் கிறிஸ்டைன் பெர்க்ஹவுட் நிறுவிய பின், நெடுங்காலம் நுண்ணோக்கியும் சர்க்கரைச் சோதனைகளுமே துணையாயின. ஊநீரில் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் அல்பிகன்ஸ் செல்லின் பக்கவாட்டில் முளைக்குழாய் எனப்படும் மெல்லிய நீட்சி தோன்றும். இன்றும் பல ஆய்வகங்கள் நம்பும் இச்சோதனையின் குறை 1995இல் வெளிப்பட்டது. டப்ளினில் எச்.ஐ.வி. தொற்றுடையோரின் வாயிலிருந்து எடுக்கப்பட்ட, முளைக்குழாய் விட்ட ஈஸ்ட்டுகள் சிலவற்றின் டி.என்.ஏ. அமைப்பு அல்பிகன்ஸிலிருந்து வேறுபட்டதால், அவை கேண்டிடா டப்ளினியென்சிஸ் என்னும் தனிச் சிற்றினமாயின.

இத்துறைக்கு உறுதியான அடித்தளம் தந்தது ரைபோசோம் மரபணுத் தொகுதியாகும். ஒரு செல்லில் பல படிகளாக இருப்பதால் சிறிதளவு மாதிரியிலிருந்தும் அதனைப் பாலிமரேஸ் தொடர்வினை மூலம், அதாவது டி.என்.ஏ. துண்டொன்றைப் பல கோடி மடங்கு பெருக்கும் வினை மூலம், எடுக்க முடியும். மாறாத பகுதிகளுக்கு நடுவே சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும் பகுதிகளும் அதில் உள்ளன. அவற்றுள் ஐ.டி.எஸ். எனப்படும் இடைவெளிப் பகுதியைப் பெருக்குவதற்கான தொடக்கிகளை ஒயிட் குழுவினர் 1990இல் வெளியிட்டனர். கர்ட்ஸ்மனும் ராப்நெட்டும் 1998இல் ஏறத்தாழ 500 ஈஸ்ட் சிற்றினங்களை ஒப்பிட்டு, டி1/டி2 என்னும் சுமார் 600 நியூக்ளியோடைடு நீளப் பகுதியில் மூன்றுக்கு மேற்படாத வேறுபாடு ஒரே சிற்றினத்தையும், ஆறும் அதற்கு மேலும் வெவ்வேறு சிற்றினங்களையும் குறிக்கும் என்ற அளவுகோலைத் தந்தனர். வரிசையறியும் கருவி இல்லாத ஆய்வகங்களுக்கு எம்.எஸ்.பி.-1 என்னும் வெட்டுநொதி கைகொடுக்கிறது: பெருக்கிய ஐ.டி.எஸ். துண்டை அது வெட்டினால் அல்பிகன்ஸ் ஜெல்லில் இரு பட்டைகளாகத் தெரியும்; கேண்டிடா பாராப்சிலோசிஸ் வெட்டுப்படாமல் ஒரே பட்டையாக நிற்கும். குளுக்கனும் கைட்டினும் செறிந்த தடித்த செல்சுவரை உடைத்து டி.என்.ஏ.வை வெளிக்கொணர்வதே இவ்வனைத்திலும் கடினமான படி. கண்ணாடி மணிகளோடு குலுக்குவதோ சுவரைக் கரைக்கும் நொதிகளோ இதற்குப் பயன்படுகின்றன.

இம்முறைகளின் இன்றியமையாமையைக் கேண்டிடா ஆரிஸ் போல வேறெதுவும் காட்டவில்லை. 2009இல் ஜப்பானில் மூதாட்டி ஒருவரின் காதுத்துளையிலிருந்து விவரிக்கப்பட்ட இச்சிற்றினத்தைச் சர்க்கரைச் சோதனைகளை நம்பிய தானியங்கிக் கருவிகள் கேண்டிடா ஹீமுலோனி என்றே அறிவித்துவந்தன. தென்கொரியாவில் 1996இல் இரத்தத்திலிருந்து பிரித்துச் சேமிக்கப்பட்டிருந்த ஈஸ்ட் ஒன்றும் இதுவே என்பது 2011இல்தான் வரிசையறிதலால் தெரிந்தது. 2013இல் டெல்லி மருத்துவமனைகளில் இதன் பரவல் பதிவானது. 2017இல் வெளியான முழு மரபணுத்தொகை ஆய்வு, தெற்காசியா, கிழக்காசியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய இடங்களில் இது தனித்தனிக் கிளைகளாகத் தலைதூக்கியதைக் காட்டியது.

ரைபோசோம் புரதங்களின் நிறையை அளந்து சில நிமிடங்களில் பெயர் கூறும் மால்டி-டாஃப் கருவி இப்போது பெரிய மருத்துவமனைகளில் பரவியுள்ளது. எனினும் அதன் தரவுத்தளத்தில் இடம்பெறாத சிற்றினத்தை அதனால் அடையாளம் காண இயலாது. எனவே ஹீமுலோனி என வரும் அறிக்கையை, சிகிச்சை தொடங்கியிருந்தாலும், வரிசையறிதலால் உறுதிசெய்வதே முறையாகும்.