கோட்டு வாங்கப் போன கறுப்பினப் புகைப்படக்காரர்

போன மாதம் ஒரு மாணவர் பயிலரங்கில் பேசிவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். காட்சித் தொடர்பியல் படிக்கும் ஒரு தங்கச்சி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "அக்கா, எனக்கு ஃபேஷன் போட்டோகிராஃபிதான் பிடிச்சிருக்கு. வீட்டு உள் அலங்காரத்தையும் நல்லா எடுப்பேன். ஆனா நம்ம தோழர்கள்கிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு. நாமெல்லாம் போராட்டம், வன்கொடுமை இதைத்தானே எடுக்கணும்?" என்றாள்.

நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பட்டியல். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடர்கள்மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு எதுவும் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

எண்ணிப் பாருங்கள். எட்டில் ஏழு, உடம்பில் என்ன இருக்கலாம் என்பது பற்றி. மிச்சம் ஒன்று, வீட்டுக்குள் என்ன இருக்கலாம் என்பது பற்றி. இன்றைய பத்திரிகை மொழியில் சொன்னால் ஏழு ஃபேஷன், ஒன்று இன்டீரியர். இந்த இரண்டையும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று ஆதிக்க சாதி ஒருபோதும் நினைத்ததில்லை. நாம்தான் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதே கதை வேறு நிறத்தில் அமெரிக்காவில் நடந்தது. அங்கே கேமராவைக் கையில் எடுத்தவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிலும் பெரும்பகுதி ஒரே ஒரு மனிதரைப் பற்றி: கார்டன் பார்க்ஸ்.

அவருக்கு முன்பே வழி போட்டவர்கள் உண்டு. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ் 363 புகைப்படங்கள் கொண்ட ஆல்பங்களைத் தயாரித்து எடுத்துப் போனார். (ஆம், 1946இல் பாபாசாகேப் கடிதம் எழுதிய அதே டுபாய்ஸ்தான்.) அந்தப் படங்களில் கறுப்பின மக்கள் இழுத்து மூடிய கழுத்துப்பட்டையும், தையல் நேர்த்தியான கவுனும், பின்னலும், தொப்பியுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். வீடுகள் இருக்கும், கடைகளின் உட்புறம் இருக்கும். தெற்கு மாநிலங்களில் மரங்களில் கறுப்பர்களைத் தூக்கிலிட்டு, அதைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்த அஞ்சலட்டைக்கு எதிரே இந்த ஆல்பத்தை வைத்துப் பாருங்கள், எதற்காக அந்தக் கழுத்துப்பட்டை என்று புரியும். பிறகு ஹார்லெமில் ஜேம்ஸ் வான்டெர்ஸி ஸ்டுடியோ வைத்து, திரைச்சீலையும் மேசையும் பூச்சாடியும் போட்டு, ஒரு தலைமுறையையே அழகாகப் படமெடுத்தார். 1932இல் அவர் எடுத்த ஒரு படத்தில் ரக்கூன் தோல் கோட்டு போட்ட ஒரு ஜோடி கெடிலாக் காரோடு இருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில்!

பார்க்ஸ் 1912இல் கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூரில், பதினைந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். பதின்ம வயதில் தாய் இறந்தார். மின்னெசோட்டாவில் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா கணவர் வெளியே துரத்திவிட்டார். குளிரில் டிராம் வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்த நாட்கள் உண்டு. பியானோ வாசித்தார், எச்சில் தட்டு எடுத்தார், ரயிலில் உணவு பரிமாறினார். பயணிகள் விட்டுப்போன பத்திரிகைகளில் இரண்டு வகைப் படங்களைப் பார்த்தார். ஒன்று, பஞ்சம் பிழைக்க அலையும் விவசாயக் கூலிகள். இன்னொன்று, வோக் பத்திரிகையின் உடை அலங்காரப் படங்கள். இரண்டும் அவரைப் பிடித்துக்கொண்டன. அடகுக் கடையில் ஒரு பழைய கேமரா வாங்கினார்.

செயின்ட் பால் நகரில் பணக்காரப் பெண்களுக்கான துணிக்கடை ஒன்றில் போய், உங்கள் உடைகளைப் படமெடுக்கட்டுமா என்று கேட்டார். கடைக்காரர் மறுத்தார், அவர் மனைவி சரி என்றார். எடுத்தார். வீட்டில் கழுவிப் பார்த்தால் ஒன்றைத் தவிர எல்லாமே ஒன்றின்மேல் ஒன்றாக இருமுறை பதிந்து வீணாகியிருந்தன. தப்பித்த அந்த ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய்க் கடை வாசலில் வைத்தார். அதிலேயே வேலை கிடைத்தது. (முதல் பிராஜெக்ட் சொதப்பியதென்று படிப்பையே விட நினைக்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.) அங்கே மாட்டியிருந்த படங்களைப் பார்த்த மார்வா லூயிஸ், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவி, சிகாகோவுக்கு வரச் சொன்னார்.

1942இல் ரோசன்வால்ட் நல்கை கிடைத்து, வாஷிங்டனில் அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவில் சேர்ந்தார். அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் முதல் நாளே கேமராவை உள்ளே வைக்கச் சொன்னார். ஊரைச் சுற்றிப் பார், எங்காவது சாப்பிடு, சினிமா பார், நல்ல துணிக்கடையில் போய் உனக்கொரு கோட்டு வாங்கிக்கொள் என்று அனுப்பினார். சாப்பாட்டுக் கடையில் பின்வாசலுக்குப் போகச் சொன்னார்கள். தியேட்டரில் நுழைய விடவில்லை. துணிக்கடையில் கையில் காசு இருந்தும் கோட்டு கிடைக்கவில்லை. நாட்டின் தலைநகரம் அது. கடையில் தொங்கும் ஒரு கோட்டுக்கும் தனக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்பதை அன்று அவர் கற்றார்.

கொதித்துப்போய்த் திரும்பியவரிடம், இதே கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாவிடம் போய்ப் பேசு என்றார் ஸ்ட்ரைக்கர். அவர் பெயர் எல்லா வாட்சன். ஆண்டுக்கு 1,080 டாலர் சம்பளத்தில் குடும்பத்தைத் தாங்கியவர். தன் தந்தையை வெள்ளைக் கும்பல் கொன்றதை பார்க்ஸிடம் சொன்னார். அமெரிக்கக் கொடி பின்னால் தொங்க, ஒரு கையில் துடைப்பமும் பக்கத்தில் மாப்புமாக வாட்சன் நிற்கும் படம் உலகப் புகழ் பெற்றது. நம் கருத்தரங்குகளிலும் அதைப் பலமுறை திரையில் காட்டியிருக்கிறோம்.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அதன்பின் பார்க்ஸ் வாரக்கணக்கில் அவர் வீட்டுக்குப் போய் எடுத்த படங்கள். ஒன்றில் கதவு நிலைக்கு அந்தப் பக்கம் வாட்சன் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் அலங்கார மேசைக் கண்ணாடியில் வளர்ப்பு மகளின் உருவம் தெரிகிறது. மேசைமேல் சட்டமிட்ட ஒரு பழைய படம். ஒரே அறையில் மூன்று தலைமுறை. இன்னொன்றில் சாமி சிலைகளும் மெழுகுவத்தியும் அடுக்கிய மேசை. அந்த வீட்டில் எது எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதை ஒருவர் யோசித்து முடிவு செய்திருக்கிறார். துடைப்பத்தோடு நிற்கும் படத்தில் அரசு அவரை என்னவாக வைத்திருக்கிறது என்று பார்க்கிறோம். வீட்டுப் படத்தில் அவர் தன்னை என்னவாக வைத்துக்கொண்டார் என்று பார்க்கிறோம். இன்டீரியர் போட்டோகிராஃபி என்றால் எனக்கு இதுதான் முதல் பாடம்.

1944 வாக்கில் நியூயார்க் வந்தார். ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையின் கலை இயக்குநருக்குப் படங்கள் பிடித்திருந்தன, ஆனால் கறுப்பரை வேலைக்கு வைப்பதில்லை என்பது நிறுவனத்தின் வழக்கம். வோக்கின் அலெக்சாண்டர் லிபர்மேன் வேலை கொடுத்தார். 1948இல் லைஃப் பத்திரிகையின் முதல் கறுப்பின ஊழியப் புகைப்படக்காரர் ஆனார். ஹார்லெம் கும்பல் சண்டைகளையும் எடுத்தார், பாரிஸ் போய்ப் புது உடைகளையும் எடுத்தார். ஒரு கையில் அது, ஒரு கையில் இது. இந்த இரண்டு கையும் ஒன்று சேர்ந்த இடம் அலபாமா.

1956இல் லைஃப் அவரைத் தெற்கே அனுப்பியது. நிறப்பிரிவினையின் கீழ் ஒரு பெரிய குடும்பம் எப்படி வாழ்கிறது என்று வண்ணத்தில் எடுத்தார். அடி இல்லை, ரத்தம் இல்லை. ஒரு முதிய தம்பதி நல்ல உடுப்பில் தங்கள் சோஃபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்சுவரில் உருவப்படம், முன்னால் மேசைக் கண்ணாடிக்கடியில் குடும்பப் படங்கள். ஒரு சிறுமி பாட்டியோடு கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று, அழகான கவுன் போட்ட வெள்ளைப் பொம்மைகளைப் பார்க்கிறாள். பிறகு அந்தப் படம்: மொபீல் நகரில் பல்பொருள் அங்காடி வாசல், இளநீலக் கவுனும் குதிகால் செருப்புமாக ஓர் இளம்பெண், பக்கத்தில் அவர் கையைப் பிடித்த குழந்தை, தலைக்குமேல் 'கறுப்பர் நுழைவாயில்' என்று சிவப்பு நியான் விளக்கு. வோக்கில் போட்டிருந்தால் ஃபேஷன் படம் என்றே சொல்லியிருப்பார்கள். அந்த ஒளி, அந்த மடிப்பு, அந்த நிற்கும் விதம் எல்லாம் வோக்கில் கற்றவை. கவுன் அவ்வளவு நன்றாக இருப்பதால்தான் அந்த விளக்கு அவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது.

அந்தப் பெண் பல ஆண்டுகள் கழித்துப் பேசினார். உள்ளேயிருந்து சோளப்பொரி வாசனை வந்தது, குழந்தைக்கு வாங்கித்தர ஆசை, ஆனால் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போக மனமில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார்: உள்ளாடைப் பட்டை தோளிலிருந்து நழுவித் தெரிந்ததை பார்க்ஸ் தன்னிடம் சொல்லியிருக்கலாம் என்று. இந்த இரண்டாவது வருத்தத்தை விமர்சகர்கள் புன்னகையோடு கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. படம் பிடிக்கப்படுகிறவருக்குத் தன் தோற்றத்தின்மேல் உரிமை உண்டு. கைப்பேசியை நீட்டிக்கொண்டு சேரிக்குள் போகும் நாம், "பாட்டி, அப்படியே இருங்க, அதுதான் நேச்சுரல்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! வேறு சேலை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போகும் பாட்டிக்காகக் காத்திருப்பதும் அரசியல்தான்.

விலை கொடுத்தது பார்க்ஸ் இல்லை என்பதையும் மறைக்கக்கூடாது. கட்டுரை வெளிவந்ததும் அந்தக் குடும்பத்தில் ஆசிரியையாக இருந்த பெண், தன் கருத்தை வெளிப்படையாகச் சொன்னதற்காக வேலையை இழந்தார். கணவரின் பிழைப்பையும் கெடுத்தார்கள். ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. லைஃப் பணம் தந்து உதவியது. 1968இல் ஹார்லெமில் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்குள் அவர் எடுத்த படங்கள் வந்தபின், அவர்களுக்குக் குவீன்ஸில் வீடு வாங்க உதவினார்கள். அந்த வீட்டில் தீப்பிடித்துத் தந்தையும் ஒரு மகனும் இறந்தார்கள். அந்தக் குற்றவுணர்வு பார்க்ஸைக் கடைசிவரை விடவில்லை. ஒருவர் வீட்டு அறையைப் படமெடுத்து வெளியிடும்போது, அந்த அறைக்குள் இருப்பவரின் முகவரியையும் சேர்த்தே எதிரிக்குக் கொடுக்கிறோம். ஒப்புதல் கேட்காமல் பதிவேற்றும் தோழர்களிடம் நான் சண்டை போடுவது இதனால்தான்.

பார்க்ஸுக்குப் பின் வந்தவர்களில் குவாமே பிராத்வெய்ட்டை அவசியம் தேடிப் பாருங்கள். 1962 ஜனவரியில் ஹார்லெமில் அவரும் தோழர்களும் ஓர் உடை அலங்கார நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையேறிய பெண்கள் கறுத்த நிறம், சுருட்டை முடியை நிமிர்த்தாதவர்கள். 'கறுப்பே அழகு' என்ற முழக்கம் பரவியதில் அவர் படங்களுக்குப் பெரிய பங்குண்டு. வோக்கின் அட்டைப்படத்தை ஒரு கறுப்பினப் புகைப்படக்காரர் எடுக்க 2018 வரை ஆயிற்று. பியான்சேயை எடுத்த டைலர் மிட்செலுக்கு அப்போது வயது 23.

அலபாமா படங்களில் பெரும்பகுதி வெளிவராமலே கிடந்தது. பார்க்ஸ் 2006இல் இறந்து சில ஆண்டுகள் கழித்து, ஒரு பழைய பெட்டியின் அடியில் காகிதத்தில் சுற்றிய இருநூறுக்கும் மேற்பட்ட வண்ண ஸ்லைடுகள் கிடைத்தன. அவற்றை இன்று கார்டன் பார்க்ஸ் அறக்கட்டளையின் இணையதளத்தில் பார்க்கலாம். எல்லா வாட்சன் படங்களும் டுபாய்ஸின் ஆல்பங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன. காசு வேண்டாம், பெரிய அளவிலேயே தரவிறக்கலாம். தங்கச்சி, முதலில் அந்த அலங்கார மேசைப் படத்தைத் திற. பெரிதாக்கிக் கண்ணாடிக்குள் பார். பிறகு எனக்கு எழுது.