கண்ணாடித் தகட்டில் ஓர் அருவி

அருவிப் படங்கள் உலகின் எந்த மூலையில் எடுக்கப்பட்டாலும் ஒரே சாயலில் இருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பாறை துல்லியமாக இருக்கும். அதன் பாசி கூடத் தெரியும். நீர் மட்டும் நீராக இராது, வெண்பட்டை விரித்துத் தொங்கவிட்டது போலிருக்கும். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், வெர்னல் அருவியை நோக்கி ‘மிஸ்ட் டிரெயில்’ என்னும் சாரல் பாதையில் ஏறுவோரில் சிலர், நனைந்த கிரானைட் படிகளில் முக்காலியையும் வில்லைமீது மாட்டும் கருங்கண்ணாடியையும் சுமந்து செல்வது இந்தப் பட்டுத் தோற்றத்திற்காகத்தான். வெளிச்சத்தைக் குறைத்துச் சில நொடிகள் திறந்து வைத்தால் விழும் நீர் கரைந்து வெண்மையாகிவிடும். இன்று இது விரும்பிச் செய்யும் அலங்காரம். தொடக்கத்திலோ வேறு வழியற்ற நிலை.

அந்நிலையை அறிய 1861-க்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு கோடையில் கார்ல்டன் வாட்கின்ஸ் என்னும் சான் ஃபிரான்சிஸ்கோ புகைப்படக்காரர் யோசெமிட்டி பள்ளத்தாக்கிற்குள் இறங்கினார். இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1859-இல், சார்லஸ் வீட் அங்குள்ள அருவியைப் படமெடுத்திருந்தார். வாட்கின்ஸ் கொண்டுவந்த கருவியோ அளவில் வேறு. 18 அங்குலத்திற்கு 22 அங்குலம் கொண்ட கண்ணாடித் தகடுகளை ஏற்கும் பெரும்பெட்டி அது. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறைக்கு வராத காலம். பெரிய படம் வேண்டுமெனில் பெரிய தகடுதான் வேண்டும். தகடுகள், அமிலப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எனச் சுமார் ஒரு டஜன் கோவேறு கழுதைகளின் சுமை.

செய்முறையையும் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை அது. துடைத்த கண்ணாடியின்மேல் பிசுபிசுப்பான கொலோடியனை ஊற்றி, மூலைக்கு மூலை சாய்த்துச் சமமாகப் பரப்பவேண்டும். பின் கூடாரத்து இருளில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, ஈரம் காயுமுன் பெட்டியில் பொருத்தி, ஒளிகாட்டி, மீண்டும் கூடாரத்திற்கு ஓடி உருத்துலக்கவேண்டும். காய்ந்தால் படமில்லை, தூசி ஒட்டினாலும் இல்லை. அருவியோ தன்னைச் சுற்றித் தானே காற்றையும் சாரலையும் கிளப்பும் பொருள். அதன் முன்னே ஒரு மனிதர் ஈரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நினைத்துப் பார்க்கிறோம்.

அந்தத் தகடு நீலத்தையே விரைவில் உணரும், பச்சைக்கு மந்தம். மரமும் பாறை நிழலும் பதியும்வரை காத்திருந்தால், வானமும் அருவியும் அளவுக்குமீறி ஒளியேறி வெறும் வெள்ளையாகிவிடும். அதற்குள் கோடித் துளிகள் விழுந்து கடந்திருக்கும். பட்டு நீர் பிறந்த கதை இதுதான். 1872-இல் இதே பள்ளத்தாக்கில் பெருந்தகடுகளோடு உழைத்த எட்வர்ட் மைபிரிட்ஜின் அருவிகளும் புகைபோலவே இருக்கின்றன. ஆறே ஆண்டுகளில், 1878-இல், பாலோ ஆல்டோவில் ஓடும் குதிரையின் நான்கு கால்களையும் அந்தரத்தில் நிறுத்திக் காட்டியவர் அவரே என்பது வியப்பளிக்கிறது.

வாட்கின்ஸ் அப்பயணத்திலிருந்து 30 பெருந்தகடுகளோடும் சுமார் 100 இரட்டைக் காட்சித் தகடுகளோடும் திரும்பினார். 1862-இன் இறுதியில் அவை நியூயார்க்கின் கூபில் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. உள்நாட்டுப் போரில் நாடு செத்துக்கொண்டிருந்த வேளை அது. குருதி படாத மலையின் படங்கள் கிழக்குக் கரையினருக்கு என்ன ஆறுதலாயிருக்கும் என ஊகிப்பது கடினமன்று. 1864-இல் இஸ்ரேல் ரேமண்ட், பள்ளத்தாக்கைக் காக்கவேண்டுமென செனட்டர் ஜான் கோனஸுக்கு எழுதியபோது, அதன் படங்களையும் அனுப்பினார். அவ்வாண்டு ஜூன் 30 அன்று, பள்ளத்தாக்கையும் மாரிபோசா மரத்தோப்பையும் பொதுமக்களுக்கென கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். அவர் படங்களைக் கண்டு உருகினார் என்ற கதையை நாம் வலியுறுத்த வேண்டியதில்லை. பள்ளத்தாக்கைக் கண்ணாலே கண்டிராத ஒரு சபை அதைக் காக்க முன்வந்தது. அதன்முன் படங்கள் இருந்தன. அது போதும்.

ஆனால் அப்படங்கள் காட்டிய மலை எத்தகையது? மிகப்பெரும்பாலானவற்றில் ஆளரவமே இல்லை. படைப்பின் முதல் நாளைப் போன்ற தூய்மை. இத்தூய்மைக்குப் பத்து வயதுதான். 1851-இல் மாரிபோசா படைப்பிரிவு உள்ளே நுழைந்தது. அங்கு வாழ்ந்த அவாநீச்சி மக்களின் குடில்களையும், அவர்கள் சேமித்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்தது. தலைவர் தெனாயாவையும் அவர் மக்களையும் துரத்தியது. ‘யோசெமிட்டி’ என்ற பெயரைச் சூட்ட முன்மொழிந்தவரும் அப்படையில் இருந்த லஃபாயெட் பன்னெல். மீவோக் மொழியில் அயலார் இம்மக்களைக் ‘கொல்பவர்’ என்று சுட்டிய சொல்லிலிருந்து அது வந்ததாக மொழியறிஞர் கூறுவர். அம்மக்கள் தம் இடத்தை அழைத்தது ‘அவானி’ என்று. அகன்ற வாய் எனப் பொருள்.

வாட்கின்ஸ் தம் படங்களுக்கு இட்ட தலைப்புகளைப் படிக்கும்போது ஒரு சங்கடம் ஏற்படுகிறது. ‘பிவாக்’ என்று முதலில் எழுதி, அதன்பின் ‘வெர்னல் அருவி, 300 அடி’ என்கிறார். மணமகளின் முக்காடு என ஆங்கிலத்தில் வழங்கும் அருவிக்குப் ‘பொஹோனோ’. பெயர்கள் தலைப்பில் இருக்கின்றன. பெயரிட்டவர்கள் படத்தில் இல்லை. அருவி, நீர்வீழ்ச்சி என்னும் இரு சொற்களிடையே உள்ள தொலைவை அறிந்த நமக்கு இது உறைக்கவேண்டும். மைபிரிட்ஜ் 1872-இல் அம்மக்களையும் படமெடுத்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விரட்டப்பட்டோரில் பலர் திரும்பி வந்து பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்திருந்தனர். அப்படங்களை எவரும் சட்டமன்றத்திற்கு அனுப்பவில்லை.

வாட்கின்ஸின் முடிவும் துயரமானது. 1870-களின் நடுவில் கடனில் மூழ்கிக் காட்சிக்கூடத்தையும் தகடுகளையும் இழந்தார். ஐசாயா டேபர் அவற்றைத் தம் பெயரில் அச்சிட்டு விற்றார். மீண்டும் மலையேறிப் ‘புதிய வரிசை’ ஒன்றைத் தொடங்கினார். எஞ்சிய தகடுகளை 1906 நிலநடுக்கத் தீ கொண்டுபோனது. அப்போதே பார்வை மங்கியிருந்தவர், 1916-இல் நாபா மனநல மருத்துவமனையில் இறந்தார். அதே கோடையில் ஆன்செல் ஆடம்ஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், பெற்றோர் தந்த கோடாக் பிரவுனி பெட்டியுடன் யோசெமிட்டிக்கு முதன்முறையாக வந்தான்.

அருவியருகே இருந்த அம்மக்களின் கடைசிக் குடியிருப்பில் எஞ்சிய வீடுகளை 1969-இல் பூங்கா நிர்வாகம் தீயணைப்புப் பயிற்சிக்காக எரித்தது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த கடைசி ஒருவரும் 1996-இல் வெளியேறினார். 2018-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அதே இடத்தில் வஹோகா என்ற பெயரில் ஊரை மீண்டும் எழுப்பும் உரிமை அவர்கள் வழிவந்தோருக்குக் கிடைத்திருக்கிறது.