விண்ணை நம்பி மண்ணைக் கைவிட்ட கதை

கப்பல் எங்கே நிற்கிறது? இப்போது மணி என்ன? இந்த இரு கேள்விகளுக்கும் உலகம் இன்று வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறது. ஜிபிஎஸ் துணைக்கோளங்களில் உள்ள அணுக்கடிகாரங்களே வழியைக் காட்டுகின்றன. வங்கிகளுக்கும் தொலைபேசிக் கட்டமைப்புகளுக்கும் நேரத்தையும் சொல்கின்றன. ஆனால், ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்தச் சமிக்ஞை மிகவும் மெலிந்தது. அதை அமுக்கிவிட ஒரு சிறு கருவி போதும்.

ஜிபிஎஸ்ஸுக்கு முன்பே தரையில் லோரான் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உருவான முறை அது. கரையிலுள்ள நிலையங்களிலிருந்து வானொலி அலைகள் புறப்படும். அவை வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து மாலுமிகள் இருக்குமிடத்தைக் கணித்தனர். 1995ஆம் ஆண்டு ஜிபிஎஸ் முழுமையாகச் செயல்படத் தொடங்கியதும் லோரானுக்கு மவுசு குறைந்தது.

எச்சரிக்கைகள் வராமல் இல்லை. ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்புவது ஆபத்து என்று 2001லேயே அமெரிக்காவின் வோல்ப் மையம் அறிக்கை தந்தது. 2008ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஃபிளாம்பரோ முனைக்கு அருகே ‘போல் ஸ்டார்’ கப்பலில் ஒரு சோதனை நடந்தது. ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே குலைத்தபோது, கப்பலின் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அபாய ஒலி எழுப்பின. மேம்படுத்தப்பட்ட லோரானான இலோரான் மட்டும் தடுமாறவில்லை.

இருந்தும், 2010 பிப்ரவரி 8ஆம் தேதி அமெரிக்கா தனது லோரான் ஒலிபரப்பை நிறுத்தியது. 2015 இறுதியில் ஐரோப்பிய நிலையங்களும் ஓய்ந்தன. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்!

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2016 ஜனவரி 26ஆம் தேதி, பழைய துணைக்கோளம் ஒன்றைச் சேவையிலிருந்து நீக்கியபோது தவறான தகவல் பரவி, ஜிபிஎஸ் வழங்கும் நேரம் ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 13 பங்கு பிசகியது. கண் இமைப்பதைவிட மிகச் சிறிய பிழை. ஆனால், பிரிட்டனில் பிபிசியின் டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பே தடுமாறியது.

தரைவழி நேர ஏற்பாட்டுக்காக 2018ல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. இரண்டாண்டுக் கெடு முடிந்தபோதும் அது உருவாகவில்லை. 2023ல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த பத்து அம்சத் திட்டத்திலோ இலோரான் மீண்டும் இடம்பெற்றது.

2015ல் கைவிட்டதை மீண்டும் கட்ட நினைக்கும் நிலை. புதியது வந்ததும் பழையதை அடியோடு அகற்றுவதுதான் முன்னேற்றமா? நேயர்களே, சிந்தியுங்கள்!